ஊசிக்கு முன் ஒரு கேள்வி: செஃபலோஸ்போரின் மருந்துகளும் செவிலியர் கவனமும்

2022-ஆம் வருடம் அக்டோபர் மாதம். நியூ ஜெர்ஸியில் எங்களுடன் தங்கியிருந்த அம்மாவுக்கு இரண்டு நாளாகக் குளிர் ஜுரம். வலது விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி. மூன்றாம் நாள் மாலை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். சிறுநீரகத்தில் தொற்று என்றார்கள். கையில் ஊசி செருகி டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் கம்ப்யூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எந்த மருந்தாவது இவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?" நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். "பென்சிலின்."

விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வரும் வாசகம் அது. "அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது." இன்ஷூரன்ஸ் படிவம், பல் மருத்துவர் படிவம், கண் மருத்துவர் படிவம் என்று அம்மாவுக்காக நான் நிரப்பிய எல்லாவற்றிலும் அந்த ஒற்றைச் சொல்லை எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொண்டவர்கள் யாரும் மேலே கேட்டதில்லை. இந்த நர்ஸ் கேட்டார். என்ன நடந்தது? எந்த வயதில்? ஊசி போட்டு எத்தனை நேரம் கழித்து? மூச்சுத் திணறியதா, முகம் வீங்கியதா, மயக்கம் வந்ததா? அதற்குப் பிறகு பென்சிலின் வகை மருந்து எதையாவது சாப்பிட்டிருக்கிறாரா? ஐந்து கேள்விகள். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஜுர மயக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் எழுதியிருந்த மருந்து செஃப்ட்ரியாக்சோன். பென்சிலினுக்குத் தூரத்துச் சொந்தம்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அன்றிரவு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், பிறகு படித்தும் நர்ஸ் வேலை பார்க்கும் நண்பர்களைத் துளைத்தெடுத்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள் உலகில் மிக அதிகமாகப் பயன்படும் மருந்துகளில் அடங்கும். நம் வீடுகளிலும் ஒரு முறையாவது யாருக்காவது கொடுத்திருப்பார்கள். அதைப் பத்திரமாகக் கொடுப்பதில் ஒரு செவிலியர் என்னென்ன கவனிக்கிறார் என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஏனெனில் அவருடைய கேள்விகளில் பாதிக்குப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது.

சாக்கடையிலிருந்து வந்த மருந்து

இத்தாலியின் சார்டினியாத் தீவில் காக்லியாரி என்ற துறைமுக நகரம். அங்கே சுகாதாரவியல் பேராசிரியராக இருந்தவர் ஜுசெப்பே புரோட்சு. நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலுள்ள தண்ணீரைச் சோதித்து, 1945-இல் அதிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். செஃபலோஸ்போரியம் என்பது அதற்கு அன்றிருந்த பெயர். டைபாய்டு கிருமி உட்படப் பல பாக்டீரியாக்களை அதன் சாறு தடுத்தது. 1948-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிற்று. பென்சிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியின் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் 1953-இல் அதில் செஃபலோஸ்போரின் சி என்ற பொருளைக் கண்டார்கள். பென்சிலினை உடைத்துவிடும் பாக்டீரியா நொதிக்கு இது எளிதில் உடையவில்லை என்பதுதான் அன்றைய பெரும் செய்தி. அதை மாற்றியமைத்து உருவாக்கிய செஃபலோதின் 1964-இல் விற்பனைக்கு வந்தது.

பென்சிலின், செஃபலோஸ்போரின் இரண்டுக்கும் நடுவில் பீட்டா லாக்டம் எனப்படும் நாற்கோண வளையம் உண்டு. பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பும்போது அந்த வேலையைச் செய்யும் புரதங்களோடு இந்த வளையம் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சுவரில்லாத பாக்டீரியா வெடித்துச் சாகும். நம் உடல் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. ஆகவே மருந்து நம்மைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. நாற்கோணத்தோடு ஒட்டியிருக்கும் இன்னொரு வளையம் பென்சிலினில் ஐங்கோணம், செஃபலோஸ்போரினில் அறுகோணம். இவை தவிரப் பக்கத்தில் தொங்கும் கிளைகள் மருந்துக்கு மருந்து வேறுபடும். இந்தக் கிளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமைக் கதையில் முக்கியப் பாத்திரம் இவைதான்.

ஐந்து தலைமுறைகள்

இந்த மருந்துகளைத் தலைமுறைகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் தலைமுறை செஃபசோலின், செஃபலெக்சின். தோல் தொற்றுகளுக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் கொடுப்பது. இரண்டாவது செஃபுராக்சைம், செஃபாக்சிடின் போன்றவை. மூன்றாவது செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சைம், செஃப்டாசிடைம், வாய்வழி கொடுக்கும் செஃபிக்சைம், செஃப்டினிர். நிமோனியா, சிறுநீரகத் தொற்று, மூளைக்காய்ச்சல், டைபாய்டு ஆகியவற்றுக்குப் பயன்படுபவை இதில் இருக்கின்றன. நான்காவது செஃபெபைம். ஐந்தாவது செஃப்டரோலின், அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்றது. தலைமுறை ஏற ஏற மருந்து உயர்ந்தது என்று பொருளல்ல. எந்தக் கிருமியை நன்றாகத் தாக்கும் என்பதுதான் மாறுகிறது.

பெயர்களைப் பார்த்தீர்களா? எல்லாம் செஃப், செஃப் என்றே தொடங்குகின்றன. செஃபசோலின், செஃப்டாசிடைம், செஃப்ட்ரியாக்சோன் மூன்றும் அலமாரியில் ஒன்றாக இருக்கும். மூன்றும் சிறு புட்டியில் வெள்ளைப் பொடிதான். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறுவது எளிது. இதற்காகவே அமெரிக்க மருத்துவமனைகளில் பெயரின் நடுவில் வேறுபடும் எழுத்துக்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். செவிலியர் படிப்பின் முதல் பாடமான "சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்" என்ற ஐந்தும் இங்கே வெறும் மனப்பாடம் அல்ல.

ஒத்துக்காது என்றால் என்ன?

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று பல வருடங்கள் பாடப்புத்தகங்களில் இருந்தது. அந்தக் கணக்கு பழைய நாட்களில் வந்தது. தொடக்ககாலச் செஃபலோஸ்போரின்களில் தயாரிப்பின்போது பென்சிலின் கலப்பு சிறிது இருந்ததும் அதற்கு ஒரு காரணம். பின்னர் வந்த ஆய்வுகளின்படி விகிதம் சுமார் நூற்றுக்கு இரண்டு, அல்லது அதற்கும் கீழே. ஒவ்வாமை பெரும்பாலும் நடு வளையத்தால் வருவதில்லை, பக்கக் கிளையால் வருகிறது என்பதும் தெளிவாயிற்று. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் ஆகியவற்றின் கிளையும் செஃபலெக்சின், செஃபட்ராக்சில், செஃபக்ளார் ஆகியவற்றின் கிளையும் ஒன்றேதான் அல்லது ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அமாக்சிசிலினுக்கு உடனடியாக மூச்சுத் திணறியவருக்குச் செஃபலெக்சின் கொடுக்கத் தயங்க வேண்டும். செஃபசோலினின் கிளையோ வேறு எதிலும் இல்லாதது.

இன்னொரு உண்மையும் உண்டு. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தனக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்கிறார். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலினைத் தாங்குகிறார்கள். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. வைரஸ் ஜுரத்தில் வந்த தடிப்பை மருந்தின் மேல் போட்டிருப்பார்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்ததை ஒவ்வாமை என்று எழுதியிருப்பார்கள். உண்மையாகவே இருந்தவர்களிலும் சுமார் எண்பது விழுக்காட்டினருக்குப் பத்து வருடத்தில் அது மறைந்துவிடுகிறது.

அப்படியானால் தவறாக "பென்சிலின்" என்று எழுதிவைப்பதில் என்ன கெட்டுப்போகிறது? பாதுகாப்பாக இருப்பது நல்லதுதானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் டாக்டர் பொருத்தமான மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்துக்குப் போவார். அது பெரும்பாலும் கூடுதல் வீச்சும் கூடுதல் பக்கவிளைவும் உள்ளதாக இருக்கும். இப்படிப்பட்ட நோயாளிகள் மருத்துவமனையில் அதிக நாள் தங்குவதும், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு ஆளாவதும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் தொழிலில் இதை அரைகுறைத் தகவல் என்போம். ஒரு கட்டத்தில் "பென்சிலின்" என்று மட்டும் நிரப்பி வைத்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். ஒரு நாளில் பலமுறை வீணாகத் தோன்றும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அதே வேகத்தில் மூடிவிடுவார்கள்.

ஆகவே செவிலியர் பெயரோடு நிற்காமல் கதையைக் கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் வந்த படை, உதடு அல்லது தொண்டை வீக்கம், இளைப்பு, மயக்கம் என்றால் அது உண்மையான உடனடி ஒவ்வாமை. தோல் கொப்பளித்து உரிந்தது, வாயும் கண்ணும் புண்ணாயிற்று, ஈரலோ சிறுநீரகமோ பாதித்தது என்றால் அது இன்னும் கடுமையான வேறு வகை; அப்படிப்பட்டவருக்கு இந்தக் குடும்ப மருந்துகளையே பொதுவாகத் தவிர்ப்பார்கள். பல நாள் கழித்து வந்து தானே போன சாதாரணத் தடிப்பு என்றால் பெரும்பாலும் பயமில்லை. கடைசி முடிவு டாக்டருடையது. ஆனால் முடிவெடுக்கத் தேவையான தகவல் செவிலியர் கேட்டு எழுதுவதுதான்.

அன்றைக்கு எங்களுக்கு இரவு ஒன்பது மணி. மாயவரத்தில் காலை ஆறரை. பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "அதுவா? அவளுக்கு எட்டு வயசுடா. ஊசி போட்டு நாலு நாள் கழிச்சு உடம்பெல்லாம் செவசெவன்னு தடிச்சுது. அம்மை வார்த்திருக்குன்னு பாட்டி வேப்பிலை கூடச் செருகி வெச்சா. டாக்டர்தான் எதுக்கு வம்பு, இனிமே இந்த ஊசி வேண்டாம்னுட்டார்" என்றார். மூச்சுத் திணறல்? இல்லை. முகம் வீங்கிற்றா? இல்லை. பிறகு அவரே சொன்னார். "போன வருஷம் பல் பிடுங்கினப்ப அஞ்சு நாள் கேப்ஸ்யூல் முழுங்கினாளே, ஒண்ணும் பண்ணலையே." பெரியப்பா சீட்டைத் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். அமாக்சிசிலின். பென்சிலினின் சொந்தத் தம்பி.

பல் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைப் பின்னால் கேட்டேன். "ஊசிதானேடா ஒத்துக்காது? அது மாத்திரை." அம்மாவுக்கு உண்மையிலேயே ஒவ்வாமை இருந்திருந்தால் அந்த ஐந்து நாள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நம் குடும்பங்களில் உலவும் "ஒத்துக்காது" என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். வேண்டிய மருந்தையும் தடுக்கும், வேண்டாத மருந்தையும் தடுக்காமல் விடும்.

மருந்து கலக்கும் முன்

நர்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு டாக்டரை அழைத்துப் பேசினார். செஃப்ட்ரியாக்சோனே போடலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் இன்னும் சில வேலைகள்.

முதலில் கிருமிச் சோதனைக்கான ரத்தமும் சிறுநீரும் எடுத்தாயிற்றா என்று பார்த்தார். முதல் ஊசி உள்ளே போய்விட்டால் சோதனைக் குப்பியில் கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்பதே தெரியாமல் போகும். அதற்காக, நோய் முற்றி ரத்த அழுத்தம் விழும் நிலையிலுள்ள நோயாளிக்கு மருந்தைத் தள்ளிப்போடுவதும் கூடாது. சோதனைக்கு ரத்தம் எடுப்பது தாமதமாகும் என்றால் மருந்துக்கே முதலிடம்.

அடுத்தது சிறுநீரகம். செஃபலோஸ்போரின்களில் பெரும்பாலானவை சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகம் மந்தமானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும் அல்லது இடைவெளியைக் கூட்ட வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் பித்தம் வழியாகவும் போவதால் பொதுவாக அந்தச் சிக்கல் குறைவு. செஃபெபைம் விஷயத்தில் சிக்கல் பெரிது. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் குழப்பம், பிதற்றல், தசைத் துடிப்பு, வெளியே தெரியாத வலிப்பு வரை போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. வயதானவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று பிதற்றினால் "வயசாயிடுச்சு, இடம் புதுசு" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். "நேற்று வரை நன்றாகப் பேசினார்" என்று செவிலியரிடம் சொல்ல வேண்டியவர் வீட்டார்தான்.

வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்பது மூன்றாவது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். செஃபோபெரசோன், செஃபோடெடான் ஆகிய இரண்டின் பக்கக் கிளையில் ஒரு தனிக் குணம் உண்டு. வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுத்து ரத்தக்கசிவு உண்டாக்கலாம். மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மருந்து நிறுத்திய பிறகும் 3 நாள் வரை மது கூடாது. செஃபோபெரசோன் இந்திய மருத்துவமனைகளில் சல்பாக்டம் என்ற துணையோடு நிறையப் பயன்படுவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். மது கலந்த இருமல் டானிக்கும் இந்தக் கணக்கில் சேரும்.

ஊசியும் டிரிப்ஸும்

புட்டியிலுள்ள பொடியில் திரவம் விட்டுக் கலக்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் கலந்ததும் வெளிர் மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ இருப்பது இயல்பு. துகள் மிதந்தால் போடக்கூடாது. எந்தத் திரவத்தில் கலக்கிறோம் என்பதில்தான் உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது.

செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத படிவு உண்டாகும். பிறந்த குழந்தைகளுக்கு இரண்டும் கொடுத்ததில் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவு சேர்ந்து குழந்தைகள் இறந்திருக்கின்றன. 2007-இல் எச்சரிக்கை வந்தது, 2009-இல் அது திருத்தப்பட்டது. இன்றைய விதி இது: 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்குக் கால்சியம் உள்ள டிரிப்ஸ் தேவை என்றால் செஃப்ட்ரியாக்சோன் கூடவே கூடாது. பெரியவர்களுக்கு ஒரே குழாயில் ஒரே நேரத்தில் இரண்டும் ஓடக்கூடாது. ஒன்றை நிறுத்தி, குழாயை நன்றாகக் கழுவி, அடுத்ததைக் கொடுக்கலாம். மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கும் இந்த மருந்து ஆகாது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிருபினை இது தள்ளிவிடும்; அது மூளைக்குப் போனால் ஆபத்து.

இதில் கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்று உண்டு. ரிங்கர் லாக்டேட் என்ற சாதாரண டிரிப்ஸில் கால்சியம் இருக்கிறது. பையின் பெயரில் கால்சியம் என்ற சொல் வராது. அம்மாவுக்கு அன்று ஏறிக்கொண்டிருந்தது அதுதான். நர்ஸ் பையைத் திருப்பிப் படித்தார், அதை நிறுத்தினார், உப்புநீரால் குழாயைக் கழுவினார், மருந்துப் பையை மாட்டி அரை மணி நேரத்தில் ஏற்றினார், முடிந்ததும் மறுபடி கழுவினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "இரண்டும் குழாயில் சந்திக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அவர் கழுவிய அந்த ஒரு நிமிடத்தின் பொருள் எனக்குப் படித்த பிறகுதான் புரிந்தது.

ஜென்டாமைசின் போன்ற மருந்தையும் இதையும் ஒரே சிரிஞ்சில் அல்லது ஒரே பையில் கலக்கக் கூடாது. இரண்டும் தேவையென்றால் தனித்தனியே கொடுத்துச் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

செஃப்ட்ரியாக்சோனைத் தசையில் போட்டால் கடுமையாக வலிக்கும். அதனால் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினில் கலந்து இடுப்புத் தசை போன்ற பெரிய தசையில் ஆழமாகப் போடுவார்கள். லிடோகெயின் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கலந்ததை மறந்தும் நரம்பில் போடக்கூடாது. லிடோகெயின் நேராக ரத்தத்தில் போனால் இதயத் துடிப்பும் மூளையும் பாதிக்கப்படலாம். கலந்த சிரிஞ்சில் பெயரும் வழியும் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.

அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் செஃபசோலினில் நேரமே முக்கியம். கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கொடுத்தால்தான் வெட்டும்போது தசையில் மருந்து நிறைந்திருக்கும். பெரியவர்களுக்கு வழக்கம் 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு 3 கிராம். அறுவை நீண்டால் நான்கு மணிக்கு ஒருமுறை மறுபடியும்.

போட்ட பிறகு

மருந்து ஏறத் தொடங்கியதும் நர்ஸ் வெளியே போய்விடவில்லை. முதல் சில நிமிடங்கள் அம்மாவின் முகத்தையும் கழுத்தையும் பார்த்தபடி பேச்சுக் கொடுத்தார். உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அரிப்பு, படை, குரல் கம்மல், இளைப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது வந்தால் முதல் வேலை மருந்தை நிறுத்துவது. அடுத்தது உதவிக்கு அழைத்து அட்ரினலின் போடுவது. பெரியவர்களுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவையானால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் மீண்டும். அரிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் அதற்கு மாற்று அல்ல. அட்ரினலின் தாமதமாவதால்தான் பல உயிர்கள் போகின்றன.

நம்மூரில் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் முன்கையில் சொட்டு மருந்தைத் தோலுக்கடியில் போட்டுப் பார்ப்பது பரவலான வழக்கம். "டெஸ்ட் டோஸ்" என்பார்கள். அதில் தடிப்பு வரவில்லை என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. எல்லோருக்கும் இதைச் செய்து பார்ப்பதால் ஒவ்வாமையை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. கதையைக் கேட்பதும், அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும், பக்கத்தில் நின்று கவனிப்பதும்தான் உண்மையான காப்பு.

பின்னால் வருபவையும் உண்டு. இந்த மருந்துகள் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் கொல்வதால், சி டிஃபிசில் என்ற கிருமி தலையெடுத்துக் கடுமையான வயிற்றுப்போக்கு உண்டாக்கலாம். மருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்துக்கூட வரும். தண்ணீராக நாளுக்கு மூன்று நான்கு முறை போனாலோ ரத்தம் கலந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய மாத்திரையால் நிறுத்தக் கூடாது. இந்தக் கிருமியின் வித்துக்கள் சாராயம் கலந்த கை திரவத்தில் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி.

அரிதாக, இந்த மருந்துகளால் சிவப்பணுக்கள் உடைந்து திடீர் ரத்தசோகை வருவதுண்டு. வெளிறிப்போவது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது அதன் அடையாளங்கள். செஃப்ட்ரியாக்சோன் பித்தப்பையில் தற்காலிகமாகக் கல்போலப் படிவதும் உண்டு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் கரைந்துவிடும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பார்த்த பெனடிக்ட் கரைசல் நினைவிருக்கிறதா? அந்த வகைச் சோதனையில் சில செஃபலோஸ்போரின்கள் சிறுநீரில் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டிவிடும்.

வீட்டில்

மாத்திரையும் சிரப்பும் வீட்டுக்கு வந்தபின் செவிலியர் வேலை நம்முடையதாகிறது. செஃபுராக்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உடலில் சேரும். நசுக்கினால் தாங்க முடியாத கசப்பு. செஃப்டினிருக்கும் அமிலம் குறைக்கும் மருந்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் காதுவலிக் குழந்தைகளுக்கு இந்தச் சிரப்பை அடிக்கடி எழுதுவார்கள். இரும்புச்சத்து சேர்த்த பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு மலம் செங்கல் நிறமாகப் போகும். ரத்தம் என்று பதற வேண்டாம், சந்தேகமிருந்தால் கேட்டுவிடலாம். சிரப்பைக் குலுக்கி, கூடவே தரும் அளவுச் சிரிஞ்சில் எடுங்கள். சமையலறைக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவல்ல. குளிர்ப்பெட்டியில் வைப்பதா வெளியிலா, எத்தனை நாளில் கொட்டிவிட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். புட்டியின் மேலேயே எழுதியிருக்கும். மிச்சத்தை அடுத்த ஜுரத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

ஒரு சீட்டு

அம்மா நான்காம் நாள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் ஒவ்வாமை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அமாக்சிசிலின் சாப்பிட்டு எதுவும் ஆகவில்லை என்ற செய்தியைக் கேட்டு, அங்கேயே ஒரு வேளை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் பதிவேட்டிலிருந்து "பென்சிலின்" என்ற சொல்லை நீக்கினார். ஐம்பத்தெட்டு வருடம் கூடவே வந்த சொல். "இத்தனை வருஷமா நான் சும்மாவா பயந்தேன்?" என்றாள் அம்மா.

நான் இப்போது குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், எந்த வருடம், கொடுத்து எத்தனை நேரத்தில், உடம்பில் என்ன ஆயிற்று, என்ன சிகிச்சை செய்தார்கள், அதன்பின் அந்த வகையில் எதைச் சாப்பிட்டுத் தாங்கியிருக்கிறார். ஆறு வரிகள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இந்த ஆறையும் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மா அன்று காலை போனை எடுக்காமல் இருந்திருந்தால் எனக்குச் சொல்ல யாருமில்லை.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டே எடுக்கவும்.)